12 ஆண்டு பழைய உயில் இன்றைக்குப் பொருந்துமா?

கேள்வி: எனக்கு வயது 61. 12 ஆண்டுகளுக்கு முன், வீட்டை மகனுக்கும் மனையை மகளுக்குமாக உயில் எழுதி, அதை நிறைவேற்றும் பொறுப்பை என் அண்ணனிடம் ஒப்படைத்திருந்தேன். அதன்பின் மனைவி காலமாகி, நான் மறுமணம் செய்துகொண்டேன். மனையை விற்றுப் பணத்தை வங்கியில் போட்டிருக்கிறேன். அண்ணனும் இன்று இல்லை. உயிலை மாற்றினால் பிள்ளைகள் மனம் கோணுமோ என்று தயங்குகிறேன். பழையதையே விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. அந்த உயில் இன்றே நடைமுறைக்கு வருவதாக வைத்துக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். குறிப்பிட்ட சொத்தொன்றை ஒருவருக்கு எழுதிவைத்துவிட்டுப் பின்னர் விற்றுவிட்டால், அந்தப் பங்கு அற்றுப்போகும் என்பதே பல நாடுகளில் பொது விதி. விற்றுவந்த பணம் தானாக உங்கள் மகளுக்குப் போய்விடாது. எஞ்சிய சொத்துகள் யாருக்கு என்ற வாசகமும் உயிலில் இல்லையென்றால், வங்கிப் பணம் உயிலே எழுதாதவரின் சொத்தைப் போலச் சட்டப்படியான வாரிசுகளுக்குள் பிரியும். மகனுக்கு முழு வீடும் மகளுக்கு அந்தப் பணத்தில் ஒரு பங்கும் என்று முடிந்தால், பிள்ளைகளின் மனம் கோணுவதற்குப் பழைய உயிலே காரணமாகிவிடும்.

மறுமணம் இதைவிடப் பெரிய மாற்றம். இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, திருமணத்துக்கு முன் எழுதிய உயில் பொதுவாகத் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். வேறு சில நாடுகளில் அது செல்லும், ஆனால் புதிய மனைவியின் பெயர் அதில் இருக்காது. உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டறியுங்கள்.

பலரும் கோட்டைவிடும் இடம் வங்கி, காப்பீடு, ஓய்வூதியப் படிவங்களில் உள்ள நியமனதாரர் (நாமினி) பெயர். அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவன ஊழியர் ஒருவர், 1994இல் விவாகரத்துப் பெற்ற பின்னும் சேமிப்புத் திட்டத்தில் முன்னாள் மனைவியின் பெயரை மாற்றாமலேயே 2001இல் இறந்தார். அந்த உரிமையை முன்னாள் மனைவி விவாகரத்தின்போது விட்டுக்கொடுத்திருந்தும், படிவத்தில் இருந்த பெயருக்குச் சுமார் 4 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது சரியே என்று 2009இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில நாடுகளில் நியமனதாரருக்கே பணம் சொந்தம். சிலவற்றில் அவர் வாரிசுகளுக்காகப் பெற்றுவைப்பவர் மட்டுமே. எதுவாயினும், உங்கள் படிவங்களில் இன்னும் முதல் மனைவியின் பெயரே இருக்கக்கூடும் என்பது என் ஐயம்.

இத்தனை மாற்றங்களுக்குப் பழைய உயிலோடு ஓர் இணைப்பை ஒட்டுவதைவிட, முந்தையவை அனைத்தையும் ரத்து செய்வதாகத் தெளிவாகக் குறிப்பிட்டுப் புதிதாக எழுதுவதே நல்லது. பழைய தாளில் அடித்துத் திருத்தவே வேண்டாம். நிறைவேற்றுநர் ஒருவரையும், அவரால் இயலாதபோது பொறுப்பேற்க மாற்று ஒருவரையும் நியமியுங்கள். சொத்தில் பங்கு பெறுபவர் எவரும் சாட்சிக் கையெழுத்து இடக் கூடாது. பிள்ளைகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தொகையைச் சொல்லாவிட்டாலும் காரணத்தைச் சொல்லுங்கள்.

மூலப்பிரதி இருக்கும் இடம் மனைவிக்கும் நிறைவேற்றுநருக்கும் தெரிந்திருக்கட்டும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள வங்கிப் பெட்டகத்தில் அதைப் பூட்டிவைக்காதீர்கள். பெட்டகத்தைத் திறக்க அனுமதிப்பதற்கே வங்கி அந்த உயிலைக் கேட்கக்கூடும்.