மைக்ரேன் வலி எங்கிருந்து வருகிறது? கேள்வி பதில்

ஸ்கேனில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். அப்புறம் ஏன் இத்தனை வலி?

பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஸ்கேன் மூளையின் அமைப்பைக் காட்டும், அது வேலை செய்யும் விதத்தை அல்ல. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைக்குத் தெரியும். அந்த உறைக்கும் முகத்துக்கும் உணர்வு தருவது முக்கிளை நரம்பு. மைக்ரேனின்போது அதன் முனைகள் சிஜிஆர்பி என்ற பெப்டைடை, அதாவது சிறு புரதத் துண்டை, வெளிவிடுகின்றன. 1990இல் கோட்ஸ்பி, எட்வின்சன் என்ற ஆய்வாளர்கள் வலியில் இருந்தவர்களின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சிஜிஆர்பி கூடியிருந்தது. எல்லாம் மனப்பிரமை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ரத்தக்குழாய் விரிவதுதானே காரணம்?

பழைய கருத்து. குழாய் விரியலாம், ஆனால் வலிக்கு அது மட்டும் போதாது.

வலிக்கு முன்னால் கண்ணில் கோணல்மாணலாக ஒளிக்கோடு நகர்கிறது. பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான். முதல் முறை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். லாஷ்லி என்ற உளவியலாளருக்கும் இப்படி வரும். கோடு நகர்வதைத் தானே வரைந்து, மூளையில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் ஊர்கிறது என்று 1941இல் கணக்கிட்டார். 1944இல் லியாவோ என்ற ஆய்வாளர் முயலின் மூளையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் ஓர் அலையைக் கண்டார். அலை போன வழியில் நரம்பணுக்கள் சற்று நேரம் ஓய்ந்துவிடுகின்றன. கண்ணில் நகரும் கோட்டுக்கு இப்படிப்பட்ட அலையே காரணம் என்று கருதப்படுகிறது. ஒரு பேனாவும் தாளும் கொண்டு லாஷ்லி இவ்வளவு தூரம் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

சாக்லேட் சாப்பிட்டால் மறுநாள் வலி. விட்டுவிடவா?

அவசரப்படாதீர்கள். ஒரு பெண்ணை 30 நாள் தினமும் ஸ்கேன் செய்த ஆய்வு 2016இல் வந்தது. வலிக்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியின் செயல்பாடு மாறியிருந்தது. பசி, தூக்கம் இரண்டையும் நடத்துவது அந்தப் பகுதிதான். கொட்டாவி, இனிப்பு ஆசை எல்லாம் மைக்ரேன் ஏற்கெனவே தொடங்கிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். எது முன்னால் வந்தது என்று சில வாரம் குறித்துப் பாருங்கள்.

தலை சீவினாலே வலிக்கிறது, மாத்திரையும் கேட்பதில்லை.

வலிச் செய்தி திரும்பத் திரும்பப் போய் மூளைக்குள் இருக்கும் நரம்பணுக்களே கூர்மையாகிவிட்ட நிலை இது. சீப்பு பட்டாலும் அவற்றுக்கு அது வலிதான். மைக்ரேனுக்கான டிரிப்டான் வகை மாத்திரைகள் இந்தக் கட்டத்துக்கு முன்பே போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். ஆனால் மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். அந்த எண்ணிக்கையை நெருங்குகிறீர்கள் என்றால், வலியைத் தடுக்கும் மருந்து பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிஜிஆர்பியைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் இருக்கின்றன.