வீட்டு மெயின் சுவிச்சைக் கழற்றிவிட்டு, போனில் இயக்குகிற வைஃபை பிரேக்கர் போடலாமா?

நீங்க கொழும்பில வேலை, அம்மா அப்பா தேயிலைத் தோட்டத்துல என்று நினைக்கிறேன். இடி மின்னல் நேரம் அங்கிருந்தே கரண்டை நிறுத்தணும், அதுதானே? வைஃபை பிரேக்கரைக் கூடுதலாகப் போடுங்க. மெயினை மட்டும் கழற்றாதீங்க.

நான் ஹட்டன் பக்கம் தேயிலை ஸ்டோர்ல, அதாவது ஃபேக்டரியில, எலக்ட்ரீஷியன். சித்தி வீட்டுக் குசினி வயரிங்கை மாற்றப் போயிருந்தேன். அவங்க மகன் கட்டார்ல. மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல ஒரு வைஃபை பிரேக்கர் பூட்டிக் கொடுத்திருந்தான். சித்தி சொல்லி அவன் போன்லயே ஓஃப் பண்ணிட்டான். ஆனாலும் நான் மெயினைக் கையால இறக்கி, டெஸ்டர் வச்சுப் பார்த்துத்தான் பிளக் பொயின்ட்டைத் திறந்தேன். லைவ் வயரைச் சீவி செம்பை முறுக்கிக்கிட்டிருக்கும்போது தலைக்கு மேல 'டக்' என்று ஒரு சத்தம். அம்மா இருட்டுல இருக்காங்களே என்று அவன் அங்கிருந்து ஓன் பண்ணியிருக்கான்! ரவுட்டருக்கு 2022 பவர்கட் காலத்துல வாங்கின மினி யூபிஎஸ் பேட்டரி இருந்ததால கட்டளை வந்து சேர்ந்திருக்கு. மெயின் கீழே இறங்கியிருந்ததாலதான் இதை எழுதுறேன்.

தூரத்திலிருந்து நிறுத்துறது தப்பென்று வயரிங் விதிகள் சொல்லல. அமெரிக்க வயரிங் விதித்தொகுப்பான என்இசியின் 230.70ஆம் பிரிவு, ரிமோட் பட்டன் எங்க இருந்தாலும் சுவிச் கை எட்டுற இடத்துல, கரண்டு வீட்டுக்குள்ள வர்ற இடத்துக்குக் கிட்ட இருக்கணும் என்குது. மோட்டரால இயங்குற மெயின் என்றால், சப்ளை போனாலும் கையால திறக்க முடியணும், அது 230.76. அமெரிக்கச் சட்டம் நமக்கெதுக்கு என்று யாராவது கேட்பீங்க. நம்ம வயரிங் பிரிட்டிஷ் வழி. பிரிட்டிஷ் வயரிங் தரமான பிஎஸ் 7671லயும் மெயின் சுவிச் சப்ளை வந்து சேர்ற இடத்துக்குக் கிட்ட இருக்கணும், வீடென்றால் லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டணும். மலிவு வைஃபை சுவிச் பலதும் லைவை மட்டும்தான் வெட்டும். கரண்டு பூமிக்குக் கசிஞ்சா விழுற 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிச் இருக்கே என்பாங்க. லைவையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடிச்சா அது விழாது.

இன்னொன்றும் சொல்லணும். லயத்துல, அதாவது தோட்ட வரிசை வீடுகள்ல, பிள்ளைங்க இவ்வளவு செலவு பண்ணிப் பாதுகாப்புத் தேடுதுங்க. ஆனா பரம்பரையா இருக்கிற லய அறைக்கு, காம்பராவுக்கு, தனி மீட்டர் கேட்டால், காணி உறுதிப் பத்திரம் இல்லாததால தோட்ட நிர்வாகத்துக்கிட்ட கடிதத்துக்கு அலையணும். 1950லயே லக்ஷபான நீர்மின் நிலையத்துல கரண்டு எடுத்த மலை இது. எங்க சித்தப்பா அந்தக் கடிதத்துக்காக ஒப்பீசு வாசல்ல நின்றே ஓய்ந்துபோனார்.