நம்பர் என் பெயரில், எழுதியது வேறொருவன்

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை எனக்கு. பக்கத்து லயத்துத் தம்பி ஐசியை (அடையாள அட்டையை) தொலைத்துவிட்டதால், என் ஐசியைக் கொடுத்து அவனுக்கு ஒரு சிம் கார்டு எடுத்துத் தந்தேன். இப்போது அந்த நம்பரிலிருந்து கோயில் வாட்சாப் குழுவில், பொருளாளர் திருவிழாப் பணத்தைச் சாப்பிட்டுவிட்டார் என்று எழுதி, அவர் மகள் படத்தையும் போட்டு அசிங்கம் அசிங்கமாகப் பேசியிருக்கிறான். போலீஸ் என்னைக் கூப்பிடுகிறது. அவன் பெயரைச் சொன்னால் தோட்டத்தில் எல்லார் வாயிலும் விழ வேண்டும். சிம்மை ரத்து செய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் அக்கா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

என் பாட்டி ரப்பர் பால் வெட்டிய காலத்தில், டவுன் சீனர் கடையில் அவர் பெயரில் ஒரு 555 புத்தகம், அதாவது கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு, இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் அதில்தான் சார்டின் டின், மண்ணெண்ணெய் எல்லாம் வாங்குவார்கள். சம்பளத்தன்று கடை முதலாளி தவ்கே பாட்டியைத்தான் பிடிப்பார். யார் வீட்டில் தின்றார்கள் என்று அவர் ஏன் பார்க்கப்போகிறார்?

நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 114ஏ பிரிவும் கிட்டத்தட்ட இப்படித்தான். இணைப்பு யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ, அதிலிருந்து போனதை அவரே வெளியிட்டார் என்று அனுமானிக்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பாடு. இந்தப் பிரிவு எனக்கு என்றுமே பிடித்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஐசியைக் கொடுத்துப் பழகிய நம் தோட்டத்து மக்கள் இதில் சுலபமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் இந்த அனுமானத்தை உடைக்க முடியும். அந்தச் செய்தி எத்தனை மணிக்குப் போனது என்று குழுவில் பாருங்கள். காலை ஏழேகால் என்றால், நீங்கள் பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து காட்டுக்குள் இருந்திருப்பீர்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும், வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் சொல்வார். தம்பி அந்த நம்பரிலிருந்து முன்பு உங்களுக்கு அனுப்பிய குரல்பதிவு ஒன்று இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், 'அக்கா, டாப் அப் பண்ணிட்டேன்' என்ற ஒரு வரியாக இருந்தாலும் சரி. நம்பர், தேதி, நேரம் மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எதையும் அழிக்காதீர்கள். சிம்மை இப்போதே ரத்து செய்தால் மறைக்கப் பார்த்ததாகத் தோன்றும். முதலில் போலீஸ் புகார், அப்புறம் ரத்து.

வாக்குமூலம் கொடுக்கும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். கையில் பணம் இல்லையென்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது. உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. மற்றபடி சொல்வதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும், தம்பியின் பெயர் உட்பட.

அவனுக்காகப் பாவம் பார்க்கிறீர்கள், புரிகிறது. அந்தப் பெண்ணையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் அக்கா. அப்பா மேல் உள்ள கோபத்துக்கு அவள் படம் ஊரெல்லாம் சுற்றுகிறது. 2024இல் டிக்டாக் வசவுக்கு ஆளான நம் தமிழ்ப் பெண் ஒருத்தி இறந்தபோது, அவரைத் திட்டிய ஒருவருக்குச் சிறு குற்றங்கள் சட்டத்தின்கீழ் 100 ரிங்கிட் அபராதம்தான் போட்டார்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கப்புறம் சட்டம் மாறியது. தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவில் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 லட்சமானது, சிறை 2 ஆண்டு வரை. இணையப் பகடிவதைக்கென்றே குற்றவியல் சட்டத்தில் 2025 ஜூலையில் தனிப் பிரிவுகளும் வந்துவிட்டன. இவ்வளவையும் அவனுக்காக நீங்கள் ஏன் தலையில் சுமக்க வேண்டும்?

நிலையத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். கைப்பேசியில் சார்ஜ் இருக்கட்டும். உங்கள் புகாரின் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள்.