ஓதம் ஏறிய சுவரும் புதிய குளியலறையும்

வீடும் மனையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமத்தில், என் தாத்தா 1930களில் கட்டிய மெத்தை வீடு (தட்டைக் கூரை வீடு) இருக்கிறது. சுவர்கள் ஒன்றரை அடி கனம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. பத்து ஆண்டுகளுக்கு முன் சிமென்ட் பூசினோம். இப்போது இடுப்பளவுக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. பூச்சை மறைத்து டைல்ஸ் ஒட்டிவிடலாம், பழைய மேல்தளத்தைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் போட்டு மாடி எடுக்கலாம், கிழக்கே இரண்டு அறைகளும் சமையலறையும் சேர்க்கலாம் என்கிறார் கொத்தனார். குடும்பத்துடன் ஊர் திரும்ப இருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: கொத்தனார் சொன்ன மூன்றில் கடைசியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரத்தைத் தன் பரப்பெங்கும் காற்றில் விட்டுவிடவும் செய்யும். நீங்கள் பூசிய சிமென்ட் அந்த வழியைப் பெருமளவு அடைத்துவிட்டதால், வெளியேற முடியாத ஈரம் மேலே ஏறுகிறது. அதனுடன் வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. டைல்ஸ் ஒட்டினால் ஓதம் டைல்ஸுக்கு மேலே ஓர் அடி தள்ளித் தலைகாட்டும், அவ்வளவுதான்.

முதலில் வீட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். தெருவுக்குச் சாலை போடும்போதெல்லாம் மட்டம் உயர்ந்து, வாசலில் ஏறிய படிகளில் இரண்டு மண்ணுக்குள் போயிருக்கும். கொல்லையிலும் மண் சேர்ந்திருக்கும். சுவரோரம் அந்த மண்ணை அள்ளி, கூரைத் தண்ணீரும் கிணற்றடித் தண்ணீரும் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுத்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். சிமென்ட் பூச்சை, ஓதத் தடத்துக்கு இரண்டு அடி மேல் வரையிலாவது கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமனே காய விடுங்கள். அவசரப்படும் வீட்டுக்காரர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். பிறகு நன்கு நீற்றிய சுண்ணாம்பும் உப்பில்லாத ஆற்றுமணலும் சேர்த்துப் பூசி, எமல்ஷனுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்க்கத் தெரிந்த பழைய கொத்தனார்கள் உங்கள் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள், தேடிப் பிடியுங்கள்.

மேல்தளத்தைப் பெயர்க்காதீர்கள். மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கிய மெட்ராஸ் டெரஸாக அது இருக்கக்கூடும். அதில் பெரும்பாலும் கெட்டுப்போவது சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டையின் நுனிதான். ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையையும் சுவரைத் தொடும் இடத்தில் திருப்புளியால் குத்திப் பாருங்கள். முனை இறங்காமல் வழுக்கினால் கட்டை நன்றாக இருக்கிறது; அரை அங்குலம் பொதபொதவென்று இறங்கினால் அந்தக் கட்டையை மட்டும் மாற்றலாம், அல்லது அடியில் ஓர் இரும்புச் சட்டம் தாங்கு கொடுக்கலாம். மாடியை மறந்துவிடுங்கள், ஒரு தளத்துக்காகப் போட்ட அடித்தளத்தை நம்பி இன்னொரு தளத்தின் சுவர்களையும் மனிதர்களையும் ஏற்றுவதற்குப் பொறியாளர் எவரும் எளிதில் கையெழுத்திட மாட்டார்.

இனி, கிழக்கே சேர்க்கும் பகுதி. உங்கள் பக்கத்துக் களிமண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாக அமர்ந்துவிட்ட பழைய வீடும் நேற்று கட்டிய அறையும் ஒரே அளவில் இறங்கா. ஆகவே புதுச் சுவரைப் பழைய சுவருக்குள் செங்கல்லைச் செருகிப் பல் வைத்துக் கட்டாமல், தனித் தூண்களும் தனி அடித்தளமும் கொடுத்து, நடுவே நான்கு அடி அகலத்தில் ஓடு வேய்ந்த ஒரு தாழ்வாரத்தால் இணையுங்கள். பழைய சுவரை ஒட்டி, அதன் அடித்தளத்தைவிட ஆழமாக வானம் (அடித்தளக் குழி) தோண்ட எவரையும் அனுமதிக்காதீர்கள். பழைய வீடுகள் பல விழுந்தது இதனால்தான். சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் புதுப் பகுதிக்கே போகட்டும். பழைய பகுதி தண்ணீர்க் குழாயே இல்லாமல், கூடமாகவும் படுக்கையறைகளாகவும் காய்ந்தபடி இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டு முற்றத்தைக் குரங்குகளுக்குப் பயந்து பிளாஸ்டிக் தகடு போட்டு மூடினோம். கூடம் கொதிக்கிறது. தகட்டை எடுத்துவிடலாமா?

பதில்: முழுதாக எடுக்க வேண்டியதில்லை. கூடத்துச் சூடான காற்று மேலேறி வெளியேறிய வழி முற்றம்; அதன் வாயை மூடிவிட்டீர்கள். தகட்டை ஒன்றரை அடி உயர்த்தி, சுற்றிலும் கம்பி வலை அடியுங்கள். குரங்கு வராது, காற்று போகும். வெயில் நேரே விழும் இடத்தில் தகட்டுக்குப் பதில் ஓடு வைத்து, நடுவே இரண்டு கண்ணாடி ஓடுகள் போதும். வழியும் மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்பிவிடுங்கள்.