படச் சட்டத்தில் உள்ள பெயரை நம்பலாமா? பழைய உருவப்படத்தில் இருப்பவரைக் கண்டுபிடிக்கும் வழி

கேள்வி: என் தாத்தா வேலை செய்த தோட்டத்தில் துரை பங்களாவைக் காலி செய்தபோது அவருக்குக் கொடுத்த ஓர் ஆயில் பெயின்டிங் எங்கள் பட்டர்வொர்த் வீட்டில் இருக்கிறது. சிவப்புக் கோட்டு, பவுடர் பூசிய வெள்ளை முடி, மார்பின் குறுக்கே சிவப்புப் பட்டை, ஒரு நட்சத்திரப் பதக்கம். உயரம் 76 சென்டிமீட்டர், அகலம் 63. கையெழுத்து இல்லை. சட்டத்துப் பித்தளைத் தகட்டில் ‘லார்ட் கார்ன்வாலிஸ்’ என்று இருக்கிறது. அவர்தானா? வரைந்தது யார்?

பதில்: தகட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். படம் வரைந்து பல காலம் கழித்து, விற்பவரோ வாரிசோ ஆணி அடித்து வைத்த தகடுகள் ஏராளம். பினாங்கில் கோட்டைக்கே கார்ன்வாலிஸ் பெயர் இருக்கும்போது, யாரென்று தெரியாத ஒரு துரைக்கு அந்தப் பெயரைச் சூட்டத் தோன்றுவது இயல்புதான்.

உங்கள் படத்தில் பேசும் சாட்சி அந்தப் பட்டை. பிரிட்டிஷ் உயர் விருதுகளில் ‘கார்ட்டர்’ விருதுக்கு நீலப் பட்டை, ‘திசில்’ விருதுக்குப் பச்சை, ‘பாத்’ விருதுக்குச் சிவப்பு. இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ் பெற்றது கார்ட்டர். அதுவும் 1786இல், பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றிய அதே ஆண்டு. ஆகவே அவர் என்றால் நீலப் பட்டை, அதுவும் இடது தோளிலிருந்து இறங்க வேண்டும். பழைய வார்னிஷ் மஞ்சளாகி நீலத்தைப் பச்சையாகக் காட்டலாம், சிவப்பாக்காது. இவர் கார்ன்வாலிஸ் இல்லை என்றே நான் சொல்வேன்.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, தேட வேண்டிய வட்டம் நன்றாகச் சுருங்கிவிட்டது. பாத் விருது 1725இல் ஏற்பட்டது. 1815 வரை அதில் ஒரே வகுப்புதான், ஒரு சமயத்தில் சில பத்துப் பேருக்கே இடம். தலைக்குப் பூசும் பவுடருக்கு 1795இல் பிரிட்டனில் வரி போட்டார்கள், அதன்பின் அந்த வழக்கம் மளமளவென்று மறைந்தது. சிவப்புக் கோட்டு பெரும்பாலும் தரைப்படையைக் குறிக்கும். அப்படியானால் 1725க்கும் 1800க்கும் இடையில் பாத் பெற்ற படைத் தளபதிகளின் பெயர்களைப் பாருங்கள். வந்தவாசியில் 1760இல் பிரெஞ்சுப் படையை வென்ற அயர் கூட் 1771இல் பெற்றார். மதராஸ் கவர்னராக இருந்த ஆர்ச்சிபால்ட் கேம்பல் 1785இல் பெற்றார். இவை உதாரணங்கள்தான், தீர்ப்பு அல்ல.

அடுத்து நட்சத்திரத்தை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். நடுவில் மூன்று கிரீடங்கள் மட்டும் இருந்தால் மேலே சொன்ன காலம் பொருந்தும். மால்டாச் சிலுவையும் இலை வளையமும் தெரிந்தால் அது 1815க்குப் பிந்தைய வடிவம், பவுடர் முடியோடு ஒத்துப்போகாது. பட்டை அவருடைய வலது தோளிலிருந்து இறங்க வேண்டும், நட்சத்திரம் இடது மார்பில் இருக்க வேண்டும். இரண்டும் இடம் மாறியிருந்தால், அச்சுப் படத்தில் இடவலம் திரும்பிய உருவத்தைப் பார்த்துப் பின்னால் யாரோ நகல் எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கான்டன் ஓவியர்கள் இப்படி நிறைய நகல் எடுத்தார்கள், பினாங்கில் கிடைக்கும் படத்துக்கு இந்தச் சாத்தியத்தை ஒதுக்கவே கூடாது.

இணையத்தில் முகங்களைத் தேடி, “மூக்கு அப்படியே இருக்கிறது” என்று முடிவுக்கு வராதீர்கள். கோட்டையில் நிற்கும் லைட் சிலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் அதைச் செய்தபோது அவருடைய படம் எதுவும் கிடைக்காததால், மகன் வில்லியம் லைட்டின் முகத்தைப் பார்த்துச் செய்ததாகச் சொல்வார்கள்.

வரைந்தவரைக் கடைசியாகத் தேடுங்கள். அந்தக் காலத்தில் கையெழுத்து இல்லாதது சாதாரணம். உங்கள் படத்தின் அளவும் எதையும் நிரூபிக்காது. 30க்கு 25 அங்குலம் அன்றைய இங்கிலாந்தில் ரெடிமேடாகக் கிடைத்த கித்தான் அளவு. ஆனால் ஆள் யார் என்று தெரிந்துவிட்டால், அவர் எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தார் என்பதே ஓவியரைக் காட்டும். உதாரணமாக, ஆங்கில ஓவியர்களில் 1769இல் மதராஸ் வந்தவர் டில்லி கெட்டில், 1802இல் வந்தவர் ஜார்ஜ் சின்னரி. ஒரே படத்தை ஓவியரின் பட்டறையே பல பிரதிகள் போட்டுக் கொடுத்ததும் உண்டு, அதையும் மனதில் வையுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. படத்தைத் திருப்பி, கித்தான், மரச்சட்டம், ஒட்டிய சீட்டு, முத்திரை எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். வின்சர் அண்ட் நியூட்டன் முத்திரை கித்தானிலேயே இருந்தால் அது 1832க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்தக் கம்பெனியே அந்த ஆண்டுதான் தொடங்கியது. பழைய கித்தானுக்குப் பின்னால் புதுத் துணி ஒட்டியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் முழுதாக ஒன்று, நட்சத்திரம் நெருக்கமாக ஒன்று, முகம் ஒன்று. இவற்றோடு தாத்தா சொன்ன தோட்டத்தின் பெயரையும் எழுதி லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் ஆவணப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஆர்ட் யூகே தளத்தில் பிரிட்டனின் பொதுச் சேகரிப்புகளில் உள்ள ஓவியங்களை இலவசமாக ஒப்பிட்டும் பார்க்கலாம். அதுவரை ஈரத்துணி, எண்ணெய் எதுவும் படத்தின் மேல் படக் கூடாது. பூஞ்சை தெரிந்தாலும் நீங்களே துடைக்காமல், காற்றோட்டமான உள்சுவரில் மாட்டிவிட்டு, ஓவியப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள்.