மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு விடாத இருமல்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

எலும்பு மஜ்ஜை மாற்று என்று நாம் பேச்சில் சொல்வதும், ஸ்டெம் செல் மாற்று என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதுவதும் ஒன்றுதான். அந்தச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களின் குடும்பங்களிலிருந்து வந்த இருமல் கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் கணவருக்கு வயது 46. ரத்தப் புற்றுநோய்க்காக அவருடைய தம்பியிடமிருந்து ஸ்டெம் செல் எடுத்து ஏற்றி எட்டு மாதம் ஆகிறது. ஐந்து வாரமாக வறட்டு இருமல். காய்ச்சல் இல்லை, சளியும் இல்லை. இங்குள்ள டாக்டர் இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டார். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, அலர்ஜிதான் என்கிறார். மாடி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. அடுத்த செக்கப் இரண்டு மாதம் கழித்துத்தான். அதுவரை பொறுக்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பொறுக்க வேண்டாம், சகோதரி. மாற்று சிகிச்சை செய்த யூனிட்டுக்கு இன்றே போன் செய்யுங்கள். "ஐந்து வாரமாக இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருமல் என்று மட்டும் சொன்னால் சாதாரணமாகப் போய்விடும். மூச்சு வாங்குவதுதான் இதில் முக்கியமான சேதி.

டோனர், அதாவது செல் கொடுத்தவர்; அவருடைய ஸ்டெம் செல்லோடு அவருடைய நோய் எதிர்ப்புச் செல்களும் உடலுக்குள் வருகின்றன. அவை சில சமயம் புது உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்கும். இதைத்தான் ஜி.வி.எச்.டி. என்கிறார்கள். தோல், வாய், கண், ஈரல் என்று பல இடங்களில் வரும். நுரையீரலில் வந்தால் 2 மில்லிமீட்டருக்கும் மெல்லிய காற்றுக் குழாய்களின் உள்சுவர் புண்ணாகி, ஆறும்போது தழும்பாகிக் குறுகிவிடுகிறது. மூச்சு உள்ளே போகும், வெளியே வரத் திணறும். அவ்வளவு சின்னக் குழாய் எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் நோய் நடந்துகொண்டிருக்கலாம் என்பது இதனால்தான்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதும் சோதனை. முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதை எஃப்.இ.வி.1 என்று எழுதுவார்கள். அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டிய அளவில் 75 சதவீதத்துக்குக் கீழே வந்து, இரண்டு வருடத்துக்குள் 10 சதவீதமாவது இறங்கியிருந்தால் டாக்டர்கள் இந்தப் பக்கம் யோசிப்பார்கள். மாற்று சிகிச்சைக்கு முன் எடுத்த ரிப்போர்ட் ஃபைலில் இருக்கும். அதைக் கட்டாயம் கையோடு கொண்டுபோங்கள். பழைய எண் இல்லாமல் புது எண் பாதிக் கதைதான் சொல்லும். சி.டி. எடுத்தால் மூச்சை இழுத்துப் பிடித்து ஒன்றும், முழுவதும் வெளியே விட்டு ஒன்றுமாக எடுக்கவேண்டும். உள்ளே சிக்கிய காற்று இரண்டாவது படத்தில்தான் தெரியும். இழுத்துப் பிடித்தது மட்டும் எடுத்துவிட்டு "நார்மல்" என்று திருப்பி அனுப்புவது நடக்கிற தவறு. வாய் உலர்ந்துபோவது, வாய்க்குள் வெள்ளைக் கோடுகள், கண் எரிச்சல், தோல் இறுகுவது இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த நோயில் இழந்த மூச்சு பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. சிகிச்சை இருப்பதைக் காப்பாற்றத்தான். ஆகவே இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் அந்த இரண்டு மாத இழப்பு நிரந்தரமாகிவிடலாம்.

ஆனால் அதற்கு முன் கிருமித் தொற்று இல்லை என்று உறுதியாகவேண்டும். ஜி.வி.எச்.டி. என்றால் எதிர்ப்பு சக்தியை இன்னும் அடக்கவேண்டும். தொற்று என்றால் அடக்குவதைக் குறைக்கவேண்டியிருக்கும். இரண்டும் எதிரெதிர் வழி. பூஞ்சைத் தொற்று இருப்பவருக்கு ஸ்டீராய்டைக் கூட்டிவிட்டால் ஆபத்து. மூச்சுக்குழாயில் மெல்லிய டியூப் விட்டு, கொஞ்சம் உப்புநீர் ஊற்றி உறிஞ்சி எடுத்துச் சோதிக்கும் பிராங்கோஸ்கோப்பியை டாக்டர் கேட்டால் தயங்காதீர்கள்.

நியுமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை வராமல் தடுக்க செப்ட்ரான் வகை மாத்திரை கொடுத்திருப்பார்கள். அதைக் குறைந்தது ஆறு மாதம், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து தொடர்கிறவரை சாப்பிடவேண்டும். குமட்டுகிறது என்று அவராகவே நிறுத்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தத் தொற்றும் இப்படித்தான் வறட்டு இருமலாகத் தொடங்கி, நடந்தால் மூச்சு வாங்கவைக்கும்.

ஜி.வி.எச்.டி. என்று முடிவானால் பொதுவாக புளூட்டிகசோன் இன்ஹேலர், வாரம் மூன்று நாள் அசித்ரோமைசின் 250 மில்லிகிராம், இரவில் மான்டெலூகாஸ்ட் 10 மில்லிகிராம், கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு என்று தொடங்குவார்கள். போதாவிட்டால் ருக்ஸோலிடினிப் போன்றவை இருக்கின்றன. அசித்ரோமைசினை மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கித் தரவேண்டாம். இந்த நுரையீரல் பிரச்சினை வராமல் தடுக்க என்று மாற்று சிகிச்சையின்போதே அதைக் கொடுத்த ஆய்வில் ரத்தப் புற்றுநோய் திரும்புவது கூடியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. யாருக்கு, எப்போது, எவ்வளவு நாள் என்பதை யூனிட்டுதான் முடிவு செய்யவேண்டும்.

உட்கார்ந்திருக்கும்போதே ஆக்ஸிஜன் 94-க்குக் கீழ் வந்தால், சமதரையில் ஆறு நிமிடம் நடந்ததும் 4 புள்ளி இறங்கினால், காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், சளியில் ரத்தம் வந்தால், பேசும்போதே மூச்சு முட்டினால் போன் செய்துகொண்டிருக்காமல் அன்றே அட்மிஷனுக்குக் கிளம்புங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் தெரியாமலே போகலாம். காய்ச்சல் இல்லையே என்ற தைரியம் அவர் விஷயத்தில் வேண்டாம். ஆக்ஸிமீட்டரை நகப்பூச்சு இல்லாத, குளிர்ந்துபோகாத விரலில் மாட்டி, எண் அசையாமல் நின்றபின் படியுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே ஊதிப் பார்க்கும் சின்ன மெஷின் வாங்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வருகிறது. மெஷின் ரிப்பேரா?
- வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. ஊதும் முறைதான் மாறியிருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். கிளிப்பால் மூக்கை அடைத்துக்கொள்ளுங்கள். இனி இழுக்க முடியாது என்கிற அளவுக்கு மூச்சை இழுத்து, உடனே ஊதுகுழலைப் பல்லுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக்கிக்கொண்டு, வெடித்ததுபோல் ஒரேயடியாக ஊதுங்கள். அதோடு நிறுத்தாமல் ஆறு விநாடி தொடர்ந்து விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நுரையீரல் காலியாகிவிட்டதுபோல் தோன்றும் இடத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

எண் குறைவதற்குக் காரணங்கள்: இழுத்துவிட்டு ஒரு நொடி தயங்குவது, உதட்டோரம் காற்று கசிவது, நாக்கு குழலை அடைப்பது, நடுவில் இருமிவிடுவது. இருமிவிட்டால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு நிமிடம் ஓய்வெடுத்து மறுபடி ஊதுங்கள். நல்ல ஊதல் மூன்று வேண்டும். அவற்றின் எஃப்.இ.வி.1 எண்களில் பெரிய இரண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்கவேண்டும். பெரிய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில். இன்ஹேலர் போடுகிறவர் அதற்கு முன்பா, பின்பா என்பதை மாற்றவே கூடாது.

உங்கள் நல்ல எண் 2.90 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் 2.60 வந்தால் 10 சதவீதம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் இன்னொரு முறை ஊதுங்கள். அப்போதும் அதே அளவு என்றால், உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் யூனிட்டுக்குச் சொல்லுங்கள். உடம்பு சொல்வதற்கு முன்பே எண் சொல்லிவிடும். மெஷின் வாங்குவதே அதற்காகத்தான்.

கேள்வி: மாமியார் ஆடாதோடை, அதிமதுரம், சித்தரத்தை, மிளகு போட்டுக் கஷாயம் வைத்து, தேன் கலந்து தருகிறார். என் மகன் டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறான். கொடுக்கலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம், அம்மா. பெரியவர் அன்போடு வைத்துத் தருவதை மறுப்பது கஷ்டம்தான். அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: டாக்ரோலிமஸ் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை, அதன் அளவு ரத்தத்தில் கொஞ்சம் ஏறினாலும் சிறுநீரகம் கெடும், கொஞ்சம் இறங்கினாலும் டோனர் செல் உடம்பைத் தாக்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு தடவையும் லெவல் பார்க்கிறார்கள். மூலிகைகளை அடர்த்தியாகக் கொடுத்தால் அந்த லெவல் எந்தப் பக்கம் போகும் என்று கணிக்க முடியாது.

அதிமதுரம் உடலில் பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். காய்ந்த மூலிகைப் பொடியில் பூஞ்சை வித்து இருக்கும். பச்சைத் தேனும் எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு ஏற்றதில்லை. குழம்பிலும் ரசத்திலும் சேர்ந்து கொதிக்கிற மஞ்சளும் மிளகும் பரவாயில்லை. மஞ்சள் சாரமான குர்குமின் கேப்ஸ்யூல், தனி மிளகுப்பொடி கூடாது. பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் பழங்களும் லெவலை ஏற்றிவிடும்.

மாமியாருக்கு வேறு வேலை கொடுங்கள். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீர் ஒரு டம்ளர், அரை டீஸ்பூன் உப்பு. நாளுக்கு நாலு தடவை தொண்டை நனையக் கொப்பளிக்கட்டும். கடை இருமல் சிரப்பையும் நீங்களாக வாங்காதீர்கள். சிலவற்றில் மூக்கடைப்பு மருந்து கலந்திருக்கும். டாக்ரோலிமஸால் ஏற்கெனவே ஏறியிருக்கும் பிரஷரை அது இன்னும் ஏற்றும்.

கேள்வி: எனக்கு மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு என்னுடைய செல்லையே எடுத்து ஏற்றினார்கள். படுத்தால் இருமல். எனக்கும் இந்த ஜி.வி.எச்.டி. வருமா?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் செல்லே என்பதால் அந்தப் பயம் வேண்டாம். முதலில் பிரஷர் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என்று முடிந்தால் அதுவே வறட்டு இருமலைத் தரும். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினால் ஒன்று முதல் நாலு வாரத்தில், சிலருக்கு இன்னும் தாமதமாக, அடங்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்தது வயிற்று அமிலம் மேலேறுவது. இரவுச் சாப்பாட்டை படுக்க மூன்று மணி நேரம் முன்பே முடித்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அமிலம் இன்னும் ஏறும். அடிக்கடி சளிப்பிடித்து சைனஸ் தொந்தரவு வந்தால் நோய் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் அளவு பார்க்கச் சொல்லுங்கள். மைலோமாவில் அது குறைவது வழக்கம்.

கேள்வி: டோனர் மாற்று செய்த என் அண்ணனுக்கு டி.பி. இருக்கலாம் என்று உள்ளூரில் மருந்து தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்கலாமா?
- வாசகர், விழுப்புரம்

பதில்: சந்தேகம் நியாயமானதுதான். நம் ஊரில் பலர் உடம்பில் டி.பி. கிருமி உறங்கிக்கொண்டிருக்கும், எதிர்ப்பு சக்தி குறைந்தால் எழும். முதலில் சளியைச் சோதிக்கட்டும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்கவேண்டும். எச்சில் உதவாது. அரசு மருத்துவமனையில் ஜீன் சோதனை இலவசம். டி.பி.யின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்காமல் எதிர்ப்பு காட்டுகிறதா என்றும் அதிலேயே தெரியும்.

மருந்து தொடங்கும் முன் மாற்று யூனிட்டிடம் கட்டாயம் பேசுங்கள். ரிஃபாம்பிசின், எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸையும் சைக்ளோஸ்போரினையும் ஈரலில் வேகமாகக் கரைத்துவிடும். சில நாளிலேயே லெவல் தரைமட்டமாகும். டி.பி. மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஜி.வி.எச்.டி. கிளம்பிவிடும். ரிஃபாபுட்டின் போன்ற மாற்று உண்டு. இல்லையென்றால் டாக்ரோலிமஸ் போன்றவற்றின் டோஸைக் கூட்டி அடிக்கடி லெவல் பார்ப்பார்கள். ரிஃபாம்பிசினை நிறுத்தியபின்னும் இந்த விளைவு இரண்டு வாரம் இருக்கும். அது அடங்கும்போது டோஸைக் குறைக்க மறந்தால் லெவல் எகிறிவிடும்.

கேள்வி: பக்கத்து வீட்டை இடிக்கிறார்கள். போகியும் வருகிறது. அம்மாவுக்கு இருமல் கூடுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, சென்னை

பதில்: இடிக்கிற தூசியில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வித்துகள் பறக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தவரின் நுரையீரலில் அது வளர்ந்துவிடும். முடிந்தால் அந்த நாட்களில் உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கத்து ஜன்னலை மூடி, இடுக்கில் ஈரத்துணி வைத்து, தரையைப் பெருக்காமல் ஈரத்தால் துடையுங்கள். வெளியே போனால் மூக்குப் பாலத்தில் கம்பி அழுந்திய என்95 மாஸ்க். துணி மாஸ்க் பூஞ்சை வித்துகளைத் தடுக்காது. போகியன்று விடியற்காலையிலேயே ஜன்னல்களை மூடிவிடுங்கள், புகை கலையும்வரை திறக்கவேண்டாம். என்95 புகைத்தூளைத் தடுக்கும், புகையின் வாயுவைத் தடுக்காது. சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி மூன்றும் வீட்டுக்குள் வேண்டாம். கொசுவலை கட்டுங்கள். பால்கனியில் புறா எச்சம் இருந்தால் அம்மா அதைத் தொடவே கூடாது. வேறொருவர் மாஸ்க் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்தபின் எடுக்கட்டும். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் தூளாகப் பறக்கும்.