4,500 டொலருக்குப் பாய்ப்படகு: வாங்கலாமா?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். நான் ஒரு வெயார்ஹவுஸில் வேலை, மனைவி முதியோர் இல்லத்தில். பிள்ளைகள் இருவர், 9 வயதும் 12 வயதும். சீட்டு எடுத்த காசு 9,000 டொலர் கையில் இருக்கிறது. 1974இல் கட்டிய 27 அடி சி அண்ட் சி பாய்ப்படகு ஒன்று 4,500 டொலருக்கு விளம்பரத்தில் வந்திருக்கிறது. அம்மப்பா வல்வெட்டித்துறைக்காரர், எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. மனைவி "உங்களுக்கு விசரா?" என்கிறார். இது பணக்காரர் விளையாட்டா? வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு முடியும்?

பதில்: பணக்காரர் விளையாட்டு இல்லை. ஆனால் 4,500 டொலரோடு முடிகிற காரியமும் இல்லை. வாங்கும் விலையை ஒரு முறைதான் கொடுப்பீர்கள். கட்டிவைக்கும் செலவை வருடா வருடம் கொடுப்பீர்கள். மனைவி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதி எதுவென்று பார்ப்போம்.

விலை குறைவாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 1960களிலும் 70களிலும் தெற்கு ஒன்ராறியோ பைபர்கிளாஸ் பாய்ப்படகுகளுக்குப் பெயர்போன இடம். நயாகரா ஒன் த லேக்கில் ஜோர்ஜ் ஹின்ரர்ஹோலர் 1959இல் உருவாக்கிய ஷார்க் 24, விற்பியில் கட்டிய அல்பேர்க் 30, பிராம்ரனில் கட்டிய சி.எஸ். 27 எல்லாம் இந்தப் பக்கத்துப் படகுகள். பல பட்டறைகள் ஒன்றுசேர்ந்து 1969இல் தொடங்கிய நிறுவனம்தான் உங்கள் விளம்பரத்தில் இருக்கும் சி அண்ட் சி. கியூபெக்கின் டோரியனிலிருந்து ரான்சர் 22 வந்தது. பைபர்கிளாஸ் மரம்போல உக்குவதில்லை. ஒன்ராறியோ ஏரி நன்னீர் என்பதால் உப்பு அரிப்பும் இல்லை. அதனால் ஐம்பது வயதுப் படகுகள் இன்றும் நல்லபடி மிதக்கின்றன. அவற்றை ஓட்டியவர்கள்தான் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். படகு நிறைய, வாங்க ஆள் குறைவு. சில ஆயிரம் டொலருக்கு ஓடக்கூடிய படகு கிடைப்பது இந்த ஏரியில் வழமைதான்.

இனி வருடச் செலவு. உங்களுக்குக் கிட்ட இருப்பது பிரிம்லி வீதியால் கீழே இறங்கினால் வரும் புளூஃபர்ஸ் பார்க். அங்கே உள்ள பாய்ப்படகுக் கிளப்புகள் பெரும்பாலும் அங்கத்தவர்கள் தாங்களே வேலை செய்து நடத்துபவை. சம்பளத்துக்கு ஆள் வைப்பது குறைவு. அதனால் கட்டணமும் குறைவு. அங்கத்துவம், கோடையில் கட்டுமிடம், குளிர்காலத்தில் தரையில் நிறுத்துமிடம், கிரேனால் தூக்கி இறக்கும் கூலி எல்லாம் சேர்த்து 24, 25 அடிப் படகுக்கு 2,500 முதல் 3,500 டொலர் வரை என்று கணக்குப் போடுங்கள். கிளப்புக்குக் கிளப் இது மாறும். சேரும்போது ஒருமுறை கட்டும் பணம் தனி. தனியார் மரீனா என்றால் ஒன்றரை, இரண்டு மடங்கு வைத்துக்கொள்ள வேண்டும். காப்புறுதி 250 முதல் 400. அடிப்பெயின்ற், எண்ணெய், குளிர்காலத்தில் குழாய்களுக்குள் விடும் இளஞ்சிவப்பு அன்ரிஃபிரீஸ், அறுந்த கயிறு, செத்த பற்றரி என்று இன்னொரு 500.

இதோடு நிற்பவர்கள்தான் மூன்றாம் வருடத்தில் முழிக்கிறார்கள். பாய் தேய்ந்துகொண்டே இருக்கும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை ஏறத்தாழ பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எஞ்சின் எப்போது காலைவாரும் என்று அதற்கே தெரியாது. புதிதாக இரண்டு பாய் தைப்பித்தால் 3,000 டொலருக்கு மேல் போகும். இந்தச் செலவு வருமா என்று கேட்கவே வேண்டாம், எந்த வருடம் வரும் என்பதுதான் தெரியாது. ஆகவே மாதம் 70, 80 டொலரைப் பாய்க்கும் கம்பிக்கும் என்று தனியே எடுத்துவையுங்கள், இன்னொரு சீட்டுப் போலவே. எல்லாம் கூட்டினால் வருடத்துக்கு 4,000 முதல் 5,500, அதாவது மாதம் 350 முதல் 450 டொலர். ஸ்காபரோவில் இரண்டாவது கார் வைத்திருக்கும் வீட்டுக்கு அந்தக் காரின் செலவு இதைவிடக் குறைவாக இருக்காது. அந்த இரண்டாவது காரை விட முடியுமா என்று மனைவியோடு இருந்து கதையுங்கள். முடியாது, மாதம் 400 ஒதுக்கவும் வழியில்லை என்றால் படகு வாங்க வேண்டாம். கடன் அட்டையில் படகு வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் முகத்தில் காற்றுப் பட்ட களை இருப்பதில்லை.

மேலே சொன்னது 24, 25 அடிக்கு. 27 என்றால் இரண்டு மூன்றடிதானே கூட என்று நினைப்பீர்கள். ஷார்க் 24 ஏறத்தாழ ஒரு தொன் எடை. நீங்கள் பார்த்திருக்கும் 27 அடி ஏறத்தாழ இரண்டரைத் தொன். மூன்றடி நீளம் கூடியதற்கு எடை இரண்டரை மடங்கு. பாயின் பரப்பு, கயிற்றின் தடிப்பு, கயிற்றை இழுத்து இறுக்கும் வின்ச்சின் அளவு, நங்கூரம், அடிப்பெயின்ற் எல்லாம் எடையின் பின்னால் போகும். இன்னொன்று: ஷார்க்கைப் பின்பக்கத்தில் தொங்கும் சின்ன அவுட்போர்ட் மோட்டாரே தள்ளும். பழுதானால் கழற்றிக் காரில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோகலாம். அந்தக் காலத்து 27 அடிகளில் பெரும்பாலும் அற்றொமிக் 4 என்ற பெற்றோல் எஞ்சின் படகின் வயிற்றுக்குள் இருக்கும். நல்ல எஞ்சின்தான், ஆனால் பெற்றோல் ஆவி அடியில் தேங்கினால் வெடிக்கும். அதை முடுக்குமுன் காற்றோட்ட விசிறியைக் குறைந்தது நான்கு நிமிடம் ஓடவிட வேண்டும் என்பது கனடாவில் சட்டம். அதைத் திருத்தத் தெரிந்த கைகளும் குறைந்துவருகின்றன.

அந்தப் படகைப் பார்க்கப் போவதென்றால், படகு தரையில் நிற்கும்போது போங்கள். மூன்று இடம் பார்த்தால் போதும். முதலாவது மேல்தளம். சி அண்ட் சி படகுகளின் மேல்தளம் இரண்டு பைபர்கிளாஸ் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்துக் கட்டியது. திருகாணித் துளைகளால் தண்ணீர் இறங்கினால் அந்த மரம் உள்ளேயே ஊறிப் பஞ்சாகிவிடும். ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்ரிக் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கேட்கும், ஊறிய இடம் மந்தமாகக் கேட்கும். பாய்மரத்தின் அடியிலும் தடுப்புக் கம்பிகள் ஊன்றிய இடங்களிலும் கூடத் தட்டுங்கள். ஓரிரண்டு கையளவு இடம் என்றால் விலையில் குறைத்து வாங்கி நீங்களே திருத்தலாம். காலை வைக்கும்போது தளம் அமுங்கினால் திரும்பி வாருங்கள்.

இரண்டாவது, படகு கவிழாமல் பிடிக்க அடியில் தொங்கும் கனமான கீல் உடலோடு சேரும் இடம். முன்பக்க மூட்டில் சிரிப்புப்போல ஒரு வெடிப்பு இருந்தால் இந்த வட்டாரத்தில் அதைச் 'சி அண்ட் சி சிரிப்பு' என்பார்கள். மெல்லிய கோடு என்றால் பெரும்பாலும் போல்ற்றுகளை இறுக்கிப் பூசினால் போதும். அதிலிருந்து துருநீர் வடிந்தால் போல்ற் அரிபடுகிறது என்று எடுங்கள். அம்மப்பாவின் ஊரில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெருமை உங்களுக்கு உண்டு. கீல் போல்ற்றுக்கு அது தெரியாது.

மூன்றாவது, சுக்கானைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது. அதிகம் ஆடினாலோ அடியில் துளி துளியாகத் தண்ணீர் ஒழுகினாலோ வேலை இருக்கிறது. பழைய படகுக்குக் காப்புறுதி நிறுவனம் எப்படியும் படகைப் பரிசோதிக்கும் சர்வேயரின் அறிக்கை கேட்கும். அதற்கு 500, 600 டொலர் போகும். விலை பேசி முடித்து, சர்வே சரியென்றால் மட்டும் என்ற நிபந்தனையோடு முற்பணம் கொடுங்கள். 'இலவசம், கொண்டுபோங்கள்' என்று வரும் படகுகளுக்கும் இதே பரிசோதனைதான். ஆகக் கூடிய விலை கொடுக்க வேண்டிவருவது அந்த வகைக்கே.

காசைவிட நேரம்தான் பலரை விழுத்துகிறது. சித்திரைக் கடைசியிலோ வைகாசித் தொடக்கத்திலோ படகு தண்ணீருக்குள் இறங்கும், ஐப்பசியில் ஏறிவிடும். இறக்கும் நாளும் ஏற்றும் நாளும் நீங்கள் நிற்க வேண்டும். கிளப்புக்குக் கொடுக்க வேண்டிய உழைப்பு மணித்தியாலங்கள் உண்டு, இரவுக் காவல் முறையும் சில இடங்களில் உண்டு. பங்குனிக் குளிரில் அடியைச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பது உங்கள் சனிக்கிழமைகளைத் தின்னும். நீங்கள் இரண்டு வேலை செய்பவர் என்றால் இந்த இடத்தில் யோசியுங்கள். ஆனால் கையால் வேலை செய்யப் பிடிக்கும் என்றால் இதுவே பாதி இன்பம். பக்கத்துப் படகுக்காரர் ஓய்வுபெற்ற மின்வேலைக்காரராக இருப்பார், அடுத்தவர் ஆசிரியராக இருப்பார். ஒருவர் கருவியை மற்றவர் கேளாமலே எடுப்பார். ஊரில் வள்ளம் இழுக்க எல்லாரும் கை போடுவார்களே, அதை நான் கனடாவில் கண்டது இந்தக் கிளப்புகளின் முற்றத்தில்தான்.

மற்றப் பாதி இன்பத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஆனி மாதத்துப் புதன்கிழமை. ஐந்து மணிக்கு வேலை முடிந்து, ஆறரைக்குப் படகு கரையை விட்டு வெளியே நிற்கும். எஞ்சினை நிறுத்திப் பாயை இறுக்கிய கணத்தில் இரைச்சல் எல்லாம் அறுந்து, படகு ஒரு பக்கம் சாய்ந்து தானாக நகரத் தொடங்கும். பின்னேரச் சோளகம் நிலையாக வீசும். பின்னால் ஸ்காபரோவின் செங்குத்துக் கரை வெயிலில் மஞ்சளாக நிற்கும். சுக்கானை மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். பன்னிரண்டு வயதில் இரண்டு தொன்னைத் தன் கையால் திருப்பிப் பார்த்த பிள்ளைக்கு அன்று கைத்தொலைபேசி நினைவுக்கு வராது. புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போயிருந்தால் பொழுது சாயும்போது காற்றும் விழும், மிதந்துகொண்டே சாப்பிடலாம். அனுபவம் வந்தபிறகு ஒரு நாள் நயாகரா ஒன் த லேக்குக்குப் போங்கள். ரொறன்ரோத் துறைமுகத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவு, நல்ல காற்றில் ஆறேழு மணித்தியாலம். அங்கே ஹோட்டல் எடுத்தால் குடும்பத்துக்கு எவ்வளவு முடியும் என்று பாருங்கள். படகுக்குள் நால்வரும் நெருக்கிப் படுக்கலாம்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். வைகாசியில் கரையில் வெயில் எரித்தாலும் நடு ஏரித் தண்ணீர் ஐந்தாறு பாகைதான். கோடையில்கூட மேற்குக் காற்று பலமாக அடித்தால் மேல்தண்ணீர் விலகி, அடிக்குளிர் வடகரைக்கு ஏறி வந்துவிடும். நேற்று நீந்திய இடத்தில் இன்று கால் வைக்க முடியாது. பிள்ளைகள் மட்டுமல்ல, நீங்களும் உயிர்காப்பு அங்கியைக் கழற்றக் கூடாது. எஞ்சின் பூட்டிய படகை ஓட்ட 'பிளெஷர் கிராஃப்ட் ஒப்பரேட்டர் காட்' தேவை. ஒருமுறை எடுத்தால் ஆயுள் முழுக்கச் செல்லும். படகிலிருந்து பேசும் வி.எச்.எஃப். வானொலிக்குத் தனிச் சான்றிதழ்.

என்னைக் கேட்டால், இந்த வருடம் அந்த 27 அடியை விடுங்கள். ஒரு கோடை மற்றவர் படகில் ஏறுங்கள். கிளப்புகளில் கிழமை நாட்களில் மாலைப் போட்டிகள் நடக்கும். ஆள் போதாமல் தவிக்கும் படகுத் தலைவர்கள் எப்போதும் உண்டு. சரியான சப்பாத்தோடும் அங்கியோடும் நேரத்துக்குப் போனால் காசில்லாமல் கற்பிப்பார்கள். குடும்பமாகக் கற்க வேண்டும் என்றால் ரொறன்ரோவின் வெளித் துறைமுகத்தில் வெஸ்ற்வூட், செயின்ற் ஜேம்ஸ் ரவுன் போன்ற சமூகக் கிளப்புகள் இருக்கின்றன. அல்பகோர் என்ற 15 அடிச் சின்னப் படகுகளை அங்கத்தவர் பகிர்ந்து ஓட்டுவார்கள். முழுப் பருவத்துக்கும் சில நூறு டொலர்தான். மனைவியையும் கூட்டிப் போங்கள். அவருக்குத் தலைசுற்றுமா, பிடிக்குமா என்று 9,000 டொலரைத் தொடாமலே தெரிந்துவிடும்.

பிடித்தால் அடுத்த புரட்டாசியில் ஒரு ஷார்க்கோ ரான்சர் 22ஓ தேடுங்கள். குளிர்காலக் கட்டணம் கட்டுமுன் தள்ளிவிட நினைப்பவர்கள் அப்போதுதான் விலையைக் குறைப்பார்கள். 9,000இல் பாதிக்குமேல் படகுக்குக் கொடுக்காதீர்கள். மீதி முதல் வருடத்துக்கு வேண்டும்.

இல்லை, அந்த 27 அடிதான் வேண்டும் என்று மனம் அடித்தால், விற்பவரிடம் போனிலேயே இரண்டு விஷயம் கேளுங்கள். படகு கட்டியிருக்கும் இடம் படகோடு வருமா? பெரும்பாலும் வராது, அப்படியென்றால் படகுக்குக் காசு கொடுக்குமுன் உங்களுக்கு வேறு எங்கே இடம் இருக்கிறது, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று விசாரியுங்கள். அடுத்தது, குளிர்காலத்தில் படகை நிறுத்தும் இரும்புக் கிரேடில் விலைக்குள் அடங்குமா? அது இல்லாமல் பல முற்றங்களில் படகை ஏற்றவிடமாட்டார்கள். இல்லை என்று சொன்னால் 4,500இலிருந்து 1,500ஐக் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.